மழை மறித்த ஒரு நாள்

மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கொழும்பிலே பிறந்து வளர்ந்த அவர்களுக்குத் தீவு என்றால் வெயில், வெண்மணல், நீலக்கடல், அவ்வளவுதான். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். முதலிரு நாளும் அவர்கள் எண்ணியவாறே கழிந்தன. கட்டாக்காலிக் குதிரைகளைக் கண்டார்கள். பெருக்க மரத்தின் பொந்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். கடலிலே ஆசை தீரக் குளித்தார்கள். மூன்றாம் நாள் விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது.

காற்றும் கடுமையாக இருந்தது. அன்று படகு ஓடாது என்ற செய்தி வந்தது, மின்சாரமும் நின்றது. மூத்தவன் உயிரற்றுப்போன கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒரு நாள் வீணாய்ப் போய்விட்டதே, அம்மா” என்றாள் இளையவள். மறைப்பானேன், நேயர்களே, எனக்கும் அதே எண்ணந்தான்.

ஆனால் பெரியம்மாவின் முகத்திலே அன்று கண்ட மலர்ச்சியை அதற்கு முந்திய இரு நாளும் நான் காணவில்லை. எழுபதைக் கடந்தவர், சாக்கைத் தலையிலே போர்த்துக்கொண்டு முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக ஓடினார். பீலியின் கீழே கிடாரம், அண்டா, வாளி, ஈற்றில் கறிச்சட்டி வரை வரிசையாக வந்து சேர்ந்தன. நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு முந்தப் போனேன்.

“பொறு பிள்ளை, முதல் தண்ணியை ஓடவிடு. கூரை கழுவுப்படட்டும்” என்றார்.

சற்று நேரம் சென்றபின் பாத்திரங்களின் வாயிலே வெள்ளைத் துணியைக் கட்டி நீரைப் பிடித்தோம். இத்தனை நீர் எதற்கென்று கேட்டேன்.

“குடிக்கத்தான். பீப்பா நேற்றே முடிஞ்சு போச்சு.”

எனக்குத் துணுக்கென்றது. அடுக்களைப் புறத்திலே நின்ற அந்தப் பீப்பாவிலிருந்துதான் இரண்டு மாலையும் பிள்ளைகள் உடலின் உப்புப் போக வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். வீட்டுக் கிணறு சவர். குடிநீர் தொலைவிலிருந்து கொண்டுவரப்படுவது. ஒரு வாரத்துக்குரிய நீரை நாங்கள் இரண்டே நாளில் கரைத்திருந்தோம். பெரியம்மா வாய் திறக்கவில்லை. வந்த பிள்ளைகளைத் தண்ணீருக்கு மறிப்பதா என்று எண்ணியிருப்பார். அன்று மழை பெய்யாதிருந்தால் அந்த முதியவர் குடத்தோடு புறப்பட்டிருப்பார் என்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இது அவ்வீட்டின் குறையன்று. நெடுந்தீவு சுண்ணாம்புக் கல்லாலான தீவு. அங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 40இல் ஒரு பங்கு கனம் கூடியது. ஆதலால் நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்தால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் தங்கும். அந்த ஓர் அடி தாழ்ந்தாலோ உப்பு அதே கணக்கில் மேலேறும். மாரியில் பெய்வதைக் கொண்டுதான் கோடையைக் கழிக்கவேண்டும். சுற்றுலா விளம்பரக்காரர்கள் வெயிலை மட்டும் படம்பிடிக்கிறார்கள். அவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளைக் கூப்பிட்டு விடயத்தைச் சொன்னேன். திட்டவில்லை, திட்டும் தகுதி எனக்கு ஏது? மூத்தவன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பீலியடியில் நின்றான். நண்பகல் வரை நிறைந்த பாத்திரத்தை எடுப்பதும் வெறும் பாத்திரத்தை வைப்பதும் அவன் வேலையாயிற்று.

மதியம் ஒடியற் கூழ். முதல் நாள் வாங்கிய நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் இட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கூட்டிக் காய்ச்சியது. பனையோலையிற் கோலிய பிளாவிலே ஊற்றி, திண்ணையில் வட்டமாக இருந்து குடித்தோம். மழைக் குளிருக்கு அந்த உறைப்பு எவ்வளவு இதம்! கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, “இன்னுங் கொஞ்சம்” என்று பிளாவை நீட்டினாள் இளையவள். பிற்பகலில் பெரியம்மா அவளுக்குக் கொக்கான் வெட்டப் பழக்கினார். ஐந்து கல்லையும் புறங்கையில் ஏந்துவதில் அந்த முதிய விரல்களை எங்களில் ஒருவரும் வெல்லவில்லை. நானோ பாயை விரித்துப் படுத்து, ஓட்டிலே மழை விழும் ஓசையைக் கேட்டபடி உறங்கிப்போனேன். பகலுறக்கம் கண்டு எத்தனை காலம்!

மாலையில் மழை சிறிது தணிந்தது. முருகைக்கல் மதிலுக்கு அப்பால் நான்கைந்து குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நின்றன. வறண்ட ஆண்டுகளில் தண்ணீரின்றி அவை மடிவதுண்டென்று பெரியம்மா சொன்னார். சற்றுப் பொறுத்து அவற்றுள் ஒன்று குனிந்து, பள்ளத்திலே தேங்கிய புதுநீரை நெடுநேரம் குடித்தது. பிள்ளைகள் அதைச் சத்தமின்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாட் காலை கடல் அடங்கிற்று. புறப்படுமுன் கால் கழுவப் போன இளையவள், நிரம்பி நின்ற பீப்பாவைக் கடந்து கிணற்றடிக்குச் சென்றாள். பெரியம்மா ஒரு போத்தலிலே மழைநீரை நிரப்பி அவள் கையிற் கொடுத்தார்.

“கொண்டு போ பிள்ளை. வள்ளத்திலே விடாய்க்கும்.”