விதியும் வரம்பும்

விளைந்த நெல்வயலில் காற்று வீசுங்கால் அலை எழுகிறது. ஒரு வரப்பில் தோன்றிய அவ்வலை மறுவரப்பை எட்டுகிறது. ஆயினும் ஒரு கதிரேனும் தன் இடம்விட்டுப் பெயர்வதில்லை. காந்தத்தினுள்ளும் இத்தகைய அலை உண்டு. எலக்ட்ரானின் தற்சுழற்சி என்னும் பண்பினால், காந்தத்தின் அணுக்கள் சிறுசிறு காந்த ஊசிகள் போல் விளங்குகின்றன. ஓர் ஊசி அசைந்தால் அவ்வசைவு அடுத்தடுத்த ஊசிகளுக்குப் பரவும். இதுவே தற்சுழற்சி அலை. இக்கருத்தை 1930-இல் வகுத்தவர் பெலிக்ஸ் பிளாக் என்னும் அறிஞர்.

இவ்வலையால் யாது பயன்? கணிப்பொறியில் மின்னோட்டம் செய்தியைச் சுமக்கிறது. அது செல்லும் வழியில் மின்தடையால் வெப்பம் பிறக்கிறது. தற்சுழற்சி அலையிலோ எலக்ட்ரான்கள் ஓடுவதில்லை. அசைவு மட்டுமே செல்கிறது. ஆதலின் மின்தடையால் எழும் வெப்பமும் இல்லை. அண்டை ஊசிகள் எதிரெதிராக நிற்கும் சில காந்தங்களில், இவ்வசைவு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி முறை நிகழ்கிறது. மிகக் குறுகிய லேசர் ஒளித்துடிப்புகளால் அதனை எழுப்பவும் அளக்கவும் செய்கின்றனர்.

இவ்வலையைச் சிறு கருவியில் அடக்க மெல்லிய காந்தம் வேண்டும். ஆனால், மெர்மின், வாக்னர் என்னும் இருவர் 1966-இல் ஒரு தடையை நிறுவினர். எல்லாத் திசைகளும் ஒத்திருக்கும் இருபரிமாணப் பொருளில், அண்டை ஊசிகளே ஒன்றையொன்று ஈர்த்து நிறுத்துமாயின், சிறிது வெப்பமும் அலைகளை எழுப்பிக் காந்த ஒழுங்கைக் குலைத்துவிடும் என்பது அது. இதனைக் கேட்போர், ‘மெல்லிய காந்தமே இயலாது’ என்று முடிவு கட்டுதல் எளிது. அது தவறு. ‘எல்லாத் திசைகளும் ஒத்திருப்பின்’ என்பதன்றோ விதியின் வரம்பு? குரோமியம் அயோடைடில், ஊசிகள் படலத்திற்குச் செங்குத்தான திசையையே விரும்புகின்றன. அதனால் அலை எழுவதற்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. கடுங்குளிரில் அது எளிதிற் கிட்டாது. அதன் ஒற்றைப் படலம் சுழிக்குக் கீழே 228 பாகை சென்டிகிரேடு வரை காந்தமாகவே நிற்பதை 2017-இல் கண்டனர்.

இனி, ‘நாளையே கணிப்பொறிகள் யாவும் மாறிவிடும்’ என்பாரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. அத்தகைய குளிர் வீட்டிலும் பள்ளியிலும் கிடைப்பதன்று. அலையும் செல்லச் செல்லத் தேய்வது. அசைவின் விரைவு ஒன்றே கருவியாகிவிடாது.

‘இயலவே இயலாது’ என்பாரும், ‘இப்பொழுதே இயலும்’ என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: இருவரும் வரம்பை மறந்து முடிவை மட்டும் பற்றிக்கொள்கின்றனர். மாணவர்களே! விதியைக் கற்கும்போது அதன் வரம்பையும் சேர்த்துக் கற்பீராக. புதுமை பெரும்பாலும் அவ்வரம்பிற்கு அப்பால் காத்திருக்கிறது.