கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள்!

"பையன் மக்கு, படிப்பு ஏறாது" என்று முத்திரை குத்திவிட்டுத் தாயத்துக் கட்டக் கிளம்பும் பெற்றோர்களே! ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் சைத்தானின் வேலையல்ல. மூளை வேறு விதமாக இயங்குகிறது, அவ்வளவுதான். 1995 சட்டத்தில் இடம்பெறாத இவை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சேர்க்கப்பட்டுவிட்டன. 40 சதவீதத்திற்குக் குறையாத சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. நம்மவர்களில் எத்தனை பேர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் படியேறி விசாரித்தோம்?

ஆனால் சட்டம் வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிடாது. அதைப் பிள்ளையே போட வேண்டும். பத்து நிமிடம் ஆனாலும் தாய் பொறுத்திருக்க வேண்டும். பாசத்தால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதும் ஒரு வகை அநீதியே!

வணிகச் சகோதரர்களே! பள்ளி விட்டு வந்தபின் அரைமணி நேரம் அவனைக் கடையில் உட்கார வையுங்கள். பௌர்ணமியன்று வேண்டாம்; கிரிவலக் கூட்டத்தின் இரைச்சலை இப்பிள்ளைகளில் பலரால் தாங்க முடியாது. மற்ற நாட்களில் ஒரு நேரத்தில் ஒரே வேலை: சோப்புகளை அடுக்குவது, பிறகு சில்லறையைப் பிரிப்பது. சொல் புரியாவிட்டால் படம் வரைந்து ஒட்டுங்கள். முடித்ததும் வாடிக்கையாளர் எதிரிலேயே பாராட்டுங்கள். கைச்செலவுக் காசை அவனே எண்ணி எடுக்கட்டும். பத்து ரூபாய் தவறினால் கடை மூழ்கிவிடாது.