முதலாளிக்கான கணக்கு எங்கே?

2021 டிசம்பர் 1 அன்று தீப்பெட்டியின் சில்லறை விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. ஐம்பது காசு பெட்டி 2007-இல் ஒரு ரூபாயான பிறகு, பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த உயர்வு அது. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்குப் போய்விட்டது, மெழுகு 58-லிருந்து 80 ஆகிவிட்டது என்று தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தினர் விலைப் பட்டியலோடு பேசினார்கள். 600 பெட்டி கொண்ட பண்டல் அப்போது 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய விலைக்கு ஈடாகப் பெட்டிக்குள் குச்சியும் 36-க்குப் பதில் 50 ஆகும் என்று சொல்லப்பட்டது.

சங்கம் கணக்குப் போட்டது சரி. தனித்தனி ஆலைகள் என்ன போட்டிருந்தன? பெட்டிக்கு 14 குச்சி கூடினால் பண்டலுக்கு 8,400 குச்சி கூடுகிறது. அதற்கான மரம், மெழுகு, மருந்து, கட்டை அடுக்கும் கூலி எல்லாம் சேர்த்தால், ஏறிய விலையில் கையில் நிற்பது எவ்வளவு? அந்தப் பதினான்கு ஆண்டுகளில் எந்த மாதத்தில் லாபம் தேய்ந்து அசலைத் தொட்டது? தன் நோட்டைப் புரட்டி இதற்குப் பதில் சொல்லக்கூடிய சிறு ஆலைகள் மிகக் குறைவாகவே இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

சங்கரன்கோவில், சிவகாசி, கோவில்பட்டி மூன்றுக்கும் இடையில் கிடக்கும் திருவேங்கடம் போன்ற ஊரில் கணக்குக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் ஜிஎஸ்டி போகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகிறது. வங்கிக்குச் சரக்கு இருப்புப் பட்டியல் போகிறது. தொழிற்சாலை ஆய்வாளருக்கென்று பதிவேடு தனியாக இருக்கிறது. இவை யாவும் வெளியாள் கேட்பதற்காக எழுதப்படுபவை. முதலாளி தனக்காக வைத்துக்கொள்ளும் கணக்கு, அவர் தலையிலும் கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையிலும் மகனுடைய வாட்ஸ்அப்பிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. சிறு தொழிலின் தகவல் சிக்கல் என்று நாம் பேச வேண்டியது இதைத்தான்.

குச்சி லோடு ஒன்று வந்து இறங்குவதைப் பாருங்கள். எடை போட்ட சீட்டு டிரைவரிடம் ஒன்று, ஆலையில் ஒன்று. சில மூட்டை ஈரமாக இருக்கிறது. கணக்கப்பிள்ளை போனில் சொல்கிறார். அனுப்பியவரும் “பில்லில் கழித்துக்கொள்ளலாம்” என்கிறார். எத்தனை மூட்டை, கிலோவுக்கு எவ்வளவு கழிவு என்பது சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏறுகிறது. டேலி கணக்கு மென்பொருளில் ஏறுவதோ முழு பில் தொகை. மூன்று மாதம் கழித்துப் பாக்கி பைசல் செய்ய உட்காரும்போது சீட்டு இல்லை, பேச்சு மட்டும் இருக்கிறது. அந்த லோடில் செய்த பண்டலின் அடக்க விலையும் தவறாகவே நிற்கும். அதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

விற்ற பக்கம் இதைவிட மோசம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கியவர் அதை உண்மையில் கொடுத்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் மட்டுமே செலவாகக் காட்ட முடியும்படியும் செய்தது. இத்தனை பலமும் ஒரே ஒரு தகவலில் நிற்கிறது: சரக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது? 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சேர்ந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். வடநாட்டு ஏஜெண்டுக்கு அனுப்பிய சரக்கின் லாரி ரசீதும், அங்கே இறக்கியபோது வாங்கிய கையெழுத்தும் இல்லாத ஆலைக்காரர், சட்டம் தன் பக்கம் இருந்தும் கெஞ்சித்தான் பணம் வாங்க வேண்டியிருக்கிறது. சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியவர்களில் பலர், அதன் எண்ணைப் பில்லில் அச்சடிப்பதில்லை.

இதற்கு மென்பொருள் வாங்கச் சொல்வது எளிது. பெரும்பாலான இடங்களில் மென்பொருள் இருக்கிறது. நடந்த இடத்தில், நடந்த நேரத்தில் எழுதும் பழக்கம்தான் இல்லை. ஒரே அட்டையை ஒரு பில்லில் ‘உள் அட்டை’, இன்னொன்றில் ‘இன்னர்’, மூன்றாவதில் ‘போர்டு’ என்று ஏற்றினால் எந்தக் கணினியும் அதன் சராசரி விலையைச் சொல்லாது. முதலில் சரக்குகளுக்கு ஒரே பெயர் வேண்டும். எந்தத் தகவலை யார் எழுதுவது, யார் இல்லாதபோது யார் எழுதுவது என்பது முடிவாக வேண்டும். ஆர்டர்கள் தனியாள் போனுக்கு வராமல் ஆலைக்கென்று உள்ள எண்ணுக்கு வர வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. கணினி ஒன்று பழுதானால் எல்லாம் போய்விடும் நிலையில் அதை எப்படி நிறைவேற்றப் போகிறோம்?

பழைய நாள்வழியும் பேரேடும் வைத்திருந்த கடைக்காரர்கள் அன்றைய கணக்கை அன்றிரவே எழுதி முடித்தார்கள். அவர்கள் எழுதியது தங்களுக்காக. அந்த ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பில் கணக்காளர்களான நமக்கும் பங்குண்டு. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்து கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். வாடிக்கையாளர் கட்டணம் தருவது அதற்குத்தான் என்பது உண்மை. ஆனாலும் அவருடைய தகவல் முழுவதையும் ஒருசேரப் பார்க்கிறவர் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஆகவே கணக்காளர்களுக்கும் வரி ஆலோசகர்களுக்கும் இந்த இதழின் வேண்டுகோள்: அடுத்த மாதத் தாக்கலுக்குப் போகும்போது ஒவ்வொரு வாடிக்கையாளருடனும் அரை மணி நேரம் கூடுதலாக உட்காருங்கள். ஒரு பண்டலின் இன்றைய அடக்க விலையையும், 45 நாளைத் தாண்டிய பாக்கிகளை ஆள்வாரியாகத் தேதியோடு சேர்த்தும் ஒரே தாளில் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.