படமும் பதமும்

கருவி கண்டதே மெய். அதன்பின் வாதத்துக்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். சொற்பொருளாராய்ச்சி கலைப்பீடத்தாரின் பொழுதுபோக்கென்றும், விஞ்ஞானத்துக்கு அதனால் ஆகவேண்டியது எதுவுமில்லையென்றும் இவர்கள் கருதுவர். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைக் கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் பற்றிய ஆய்வுகளே காட்டிவிடுகின்றன.

கீழ்த்தாடை எலும்பினுள்ளே இருபுறமும் ஒவ்வொரு கால்வாய் செல்கின்றது. கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியே ஓடுகின்றது. ஞானப்பல்லைப் பிடுங்கும்போதோ, செயற்கைப் பல் பொருத்த எலும்பைத் துளைக்கும்போதோ அந்நரம்பு ஊறுபடின் உதடு மரத்துப்போகும். சிலருக்கு உணர்ச்சி மீள்வதேயில்லை. இக்கால்வாய் சிலரிடத்து இரண்டாகப் பிரிவதுமுண்டு. அத்தகையோர் எத்தனை பேர்?

1977 இல் நோர்ட்யே முதலியோர் 3,612 எக்ஸ் கதிர்ப்படங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 0.9 என்றனர். அவை தட்டையான படங்கள். ஒன்றன்மேலொன்றாய் விழும் நிழல்களிடையே நுண்ணிய கிளைகள் மறைந்துபோகும். 1998 இல் இத்தாலிய ஆய்வாளர் கூம்புக் கற்றைக் கதிர்ப்படக் கருவியை விவரித்தபின், தாடையை முப்பரிமாணத்திற் காணும் வழி பிறந்தது. ஐயம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டுமன்றோ? ஆயின், இத்தகைய கருவிகொண்டு ஜப்பானில் ஆராய்ந்த நைற்றோ முதலியோர் 2009 இல் நூற்றுக்கு 65 என்றனர். அதே நாட்டில் குரிபயாஷி முதலியோர் 2010 இல் 15.6 என்றனர்.

ஓராண்டுக்குள் ஜப்பானியர் தாடை மாறிவிட்டதா? இல்லை. முன்னவர் எண்ணியது நோயாளரை. பின்னவர் எண்ணியது தாடையின் பக்கங்களை. அன்றியும், பல்வேரை நோக்கிச் செல்லும் சிறு குழாயும் கிளையா? கடைவாய்ப்பல்லின் பின்புறம் திரும்புவதும் கிளையா? எவ்வளவு அகலமிருந்தால் அது கால்வாய்? இவ்வினாக்களுக்குப் படம் விடை தராது. வரைவிலக்கணமே தரவேண்டும்.

கருவி மேலும் கூர்மையடையின் முரண்பாடு நீங்கும் என்று சிலர் வாதிடலாம். உண்மை அதற்கு எதிரானது. கருவி கூர்மையடையுந்தோறும் மேலும் நுண்ணிய குழாய்கள் புலப்படும். அவற்றுள் எதனைக் கணக்கிற் சேர்ப்பது என்னும் வினாவும் வளரும். கதிரின் அளவும் படிமத்தின் நுணுக்கமும் பொருட்படுத்தத் தக்கனவே. எனினும் அவை சொல்லின் தெளிவுக்கு ஈடாகமாட்டா.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. 0.9 என்பதை நம்பும் வைத்தியர், மரப்பூசி பயன் தராதபோது இரண்டாங் கால்வாயை நினைக்கவுமாட்டார். 65 என்பதை ஆராயாது நம்புபவரோ, ஒவ்வோர் இளைஞரையும் முப்பரிமாணப் படத்துக்கு அனுப்பித் தேவையற்ற கதிர்வீச்சுக்கு உள்ளாக்குவார். ஞானப்பல் அகற்றுமுன் இப்படத்தை வழக்கமாக எடுத்தலாகாது என 2019 இல் ஐரோப்பியப் பல் கதிரியல் அறிஞர் கழகம் அறிவுறுத்தியது. அதனால் நரம்பூறு குறைகின்றது என்பதற்குச் சான்றில்லை என்பதே காரணம். நன்றாகக் காண்பது வேறு, நன்றாகத் தீர்மானிப்பது வேறு.

ஆகவே, எண்களை வெளியிடுவோர் எதனை எண்ணினர் என்பதை முதலிற் கூறுக. எதனை எண்ணினர் எனக் கேட்போரைச் சொல்லாராய்ச்சிக்காரர் என எள்ளுவோர், அந்த எண்ணை நம்பிக் கத்தியின் கீழ்க் கிடக்கும் நோயாளியை நினைத்துப் பார்க்கட்டும்.