சத்தம் வெளியே போகாது, சரி... காற்று உள்ளே வருமா?

மொட்டை மாடியில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. பையன் டிரம்ஸ் வாசிக்க, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படம் பார்க்க என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். சுவரெல்லாம் ராக்வூல், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, ஜன்னலே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால், பாதிப் படத்துக்குள் பாட்டிக்குத் தலைவலி, பையனுக்குக் கொட்டாவி. பழி படத்தின் மேல் விழுகிறது. உண்மையில் குற்றவாளி, அறைக்குள் அடைபட்ட காற்று!

சத்தம் கசியும் இடுக்கு வழியாகத்தான் காற்றும் வந்து போகிறது. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். ‘அதான் ஏசி ஓடுதே’ என்பார்கள். வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிடுகிறார். பத்தடி உயரமுள்ள அந்த அறையில் இருப்பது ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று. வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும் இந்த வாயு, நான்கு பேர் உட்கார்ந்த, துளியும் காற்றுப் புகாத அறையில் ஒரே மணி நேரத்தில் 3,000 பங்கை நெருங்கிவிடும். 1,000-ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

என்ன செய்யலாம்? ஒரு சுவரில் கீழே ஒரு துளை, எதிர்ச்சுவரில் மேலே ஒரு துளை. நேராகத் துளைத்தால் சத்தமும் கூடவே போகும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ப்ளைவுட் பெட்டி. பெட்டிக்குள் காற்று வளைந்து வளைந்து போகும்படி தடுப்புகள் வைத்து, உட்புறம் துணி சுற்றிய ராக்வூல் ஒட்டுங்கள். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் மோதி அடங்கிவிடும். காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேனை மேல் பெட்டியின் வெளிமுனையில் பொருத்தினால் அதன் இரைச்சல் உள்ளே வராது. நான்கு பேருக்கு நிமிடத்துக்கு 80 கன அடி காற்று தேவை. ஆறு அங்குலக் குழாய் என்றால் காற்று மெதுவாக, ‘உஸ்’ சத்தமில்லாமல் போகும். வெளி வாய்க்குக் கொசுவலையும் மழைத் தடுப்பும் அவசியம். ஏசிக்குக் கொஞ்சம் வேலை கூடும், பரவாயில்லை.

கொசுவத்தி, சாம்பிராணி, கரி அடுப்பு எதையும் அங்கே ஏற்றாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

அறையை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்களா? துளை போடும்வரை, அரை மணிக்கு ஒருமுறை கதவை அகலத் திறந்து வையுங்கள். இடைவேளை படத்துக்கு மட்டுமல்ல, அறைக்கும் வேண்டும்.