தாய்மார்களுக்கு உபதேசம்

இந்நாட்டில் பெண்களுக்கு யோசனை சொல்வதைப்போல் சுலபமான தொழில் வேறொன்றும் இல்லை. அதிலும் வேலைக்குப் போகும் தாயாய் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. அவள் அதிகாலை 4 மணிக்கு, அதாவது பிரம்ம முகூர்த்தத்தில், எழுந்திருக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் ஆசனம் போட வேண்டுமாம். தனக்கென்று பத்தியச் சமையல் வேறு செய்துகொள்ள வேண்டுமாம். 48 நாள், ஒரு மண்டலம், இடைவிடாமல் செய்தால் பழக்கம் படிந்துவிடுமாம். நடுவில் ஒரு நாள் தவறினாலோ எல்லாம் பாழாம். இப்படி உபதேசம் செய்கின்ற மகான் வீட்டில் காப்பி கலந்து கொடுப்பது யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுவோம். பகல் முழுவதும் நின்றுகொண்டு புடவை பிரித்துக் காட்டுகிறாள். கடையில் உட்காருவதற்கு ஒரு ஆசனம் கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்றால் நம் முதலாளிமார்களின் ஜீவகாருண்யத்தை அளந்துகொள்ளலாம். இரவு வீடு திரும்பி, சமைத்து, பாத்திரம் கழுவி 11 மணிக்குப் படுக்கிறாள். இவளை 4 மணிக்கு எழுப்புவது ஆரோக்கியமா, தண்டனையா? வளர்ந்த மனிதனுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறது வைத்திய சாஸ்திரம். பிரம்மாவுக்கு எவ்வளவு தூக்கம் வேண்டுமோ நாம் அறியோம். அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை இல்லை.

இந்திய சர்க்கார் 2024-ல் எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். அப்படி ஈடுபடும் ஆணோ 88 நிமிஷம். இந்த 88 கூட, வேலையில் கை வைக்கிற ஆண்களுக்கு மட்டும் போட்ட கணக்கு. கை வைக்காத சிங்கங்கள் இதில் சேர்த்தி இல்லை! ஆகவே தாய்மார்களுக்குக் குறைவாய் இருப்பது மன உறுதி அல்ல, நேரமே என்கின்றோம்.

நிற்க, சிறுகச் சிறுக நல்ல பழக்கம் உண்டாக்க முடியாது என்று நாம் சொல்லவரவில்லை. முடியும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-ல் அச்சிட்ட முடிவு என்ன? ஒரு பழக்கம் படிய ஒருவருக்கு 18 நாள், மற்றொருவருக்கு 254 நாள், நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்பதுதான். மண்டலக் கணக்கு எங்கே போயிற்று? ஒரு நாள் தவறினால் கெட்டுப்போவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். விரதத்தில்தான் ஒரு நாள் தவறினால் சாமி கோபித்துக்கொள்ளும். சரீரம் அவ்வளவு அற்பபுத்தி உடையதல்ல. தேகாப்பியாசமும் அப்படியே. வாரத்திற்கு 150 நிமிஷமாவது வேண்டும், அது ஐந்து ஐந்து நிமிஷமாகச் சேர்ந்தாலும் கணக்கே என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சீட்டுக் காசில்லை. ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடந்தால் காசு நஷ்டமும் இல்லை.

ஆனால் நடப்பதற்கு முன் சாப்பாடு இருக்கிறது. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு, எல்லோரும் தின்ற பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்பது பதிவிரதா லட்சணம் என்று கற்பித்ததும், வெள்ளிக்கிழமை, சஷ்டி, புருஷன் ஆயுசு என்று பட்டினி போட்டதும் இரத்தத்தை விருத்தி செய்யும் காரியங்களா? புருஷன் ஆயுளுக்கு மனைவி பட்டினி கிடப்பது பலிக்குமானால், மனைவியின் ஆயுளுக்கு எந்தப் புருஷன் எந்தக் கிழமையில் பட்டினி கிடந்தான்?

ஆதலால் நாம் சொல்லும் முதல் பழக்கம் ஒன்றே ஒன்று. எல்லோரும் சாப்பிடும்போதே தாயும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவது. இதற்குப் பணமும் வேண்டாம், பிரம்ம முகூர்த்தமும் வேண்டாம். மாமியார் முகம் சுளிக்கலாம். 66 நாளில் அதுவும் பழகிவிடும். இது படிந்தபின் இரண்டாவதாக, உண்டவுடன் டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம். டீயானது உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கின்றது. கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாய்ச் சேரும். மூன்றாவதுதான் நடை.

“அவளும் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுவது யார்?” என்று கேட்பார்கள். கை உள்ளவர்கள் பரிமாறிக்கொள்ளலாம். ஆண்மக்களுக்கு இது கடினம் என்றால் அவர்களும் சிறுகச் சிறுகவே பழகட்டும். முதல் மாதம் தன் தட்டைத் தானே கழுவுவது, இரண்டாம் மாதம் பிள்ளையின் தட்டையும் சேர்த்துக் கழுவுவது. நடுவில் ஒரு நாள் தவறினால் பாதகமில்லை, மறுநாள் கழுவலாம்.