வரம்பை எழுதியவர் யார்?

கணினித் தமிழ் பொறியியலாளர்களின் விஷயம், இலக்கியக்காரர்களுக்கு அங்கே வேலையில்லை என்று ஓர் இதழில் அண்மையில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். தமிழ் நியமக் குழுவில் இடம் கேட்டு மலையகத்திலிருந்து எழுந்த கேள்விக்கு அவர் பதில் ஒரே வரி: அது குழுவின் வரம்புக்குள் வராது. அந்த வரியை எங்களால் விழுங்க முடியவில்லை. விவாதம் தொடங்குமுன்னரே வரம்பை எழுதிவிட்டவர் பாதி விவாதத்தை வென்றுவிடுகிறார்.

இணைய நியமங்களை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் பட்டியல் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. கூட்டத்தின் மனநிலையை அறிய, அறையில் இருப்பவர்களை 'ஹ்ம்ம்' என்று முனகச் சொல்கிறார்கள். அங்கேகூடப் பணிக்குழுவின் முதற்சண்டை, வேலையின் வரம்பைச் சொல்லும் சாசன வாசகத்தைப் பற்றியதே. அறைக்கு வெளியே நிற்பவரின் முனகல் யார் காதிலும் விழாது.

தமிழுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யுனிகோட் 1991இல் வந்தபோது, தமிழுக்கு இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியேற்ற அமைப்பைத் தழுவிக்கொண்டது. 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடங்கள் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன, தேவநாகரியின் வர்க்க எழுத்துகளுக்கு ஈடாக. 'ழ' 'ள'வுக்குப் பின்னால் போய்விட்டது. குறியெண்ணை மட்டும் நம்பித் தோட்டப் பாடசாலை இடாப்பை அடுக்கினால், ஜெயராணி தங்கம்மாவுக்கு முன்னால் வந்துவிடுவாள். ஆய்தத்துக்கு அங்கே இட்ட பெயர் விசர்க்கம். பிழையென்று தெரிந்தும் திருத்த வழியில்லை. இட்ட பெயரும் கொடுத்த இடமும் மாறாது என்பது யுனிகோட்டின் கொள்கை.

1991இல் தமிழ் இலங்கையின் ஆட்சிமொழியாகி நான்கு ஆண்டுகள். யுனிகோட்டோடு ஒத்துப்போகும் சர்வதேச நியமத்தை வகுக்கும் ஐ.எஸ்.ஓ.வில் வாக்கு நாடுகளுக்குத்தான். சென்னையின் குரல் டில்லி வழியாகத்தான் போக வேண்டும், கொழும்புக்கோ சொந்த நாற்காலி உண்டு. சிங்களத்துக்காக அந்த நாற்காலியிலிருந்து வாதாடினார்கள். 1999இல் யுனிகோட் 3.0இல் சிங்களம் தன் சொந்த வரிசையோடு நுழைந்தது. அது நல்ல காரியம். தமிழுக்காக அங்கிருந்து பேசியவர் யார்?

2010இல், சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்தத்துக்கான யுனிகோட் தொகுதியில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் சேர்க்கும் யோசனை வந்தபோது தமிழகம் கொதித்தது. அப்போதும் இதே வரம்புப் பேச்சுத்தான்: எழுத்துக்கு எண் கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை, மொழி அரசியல் எங்களுடையதல்ல என்றார்கள். எதிர்த்தவர்களின் தொழில்நுட்ப வாதங்கள் பல பிழையானவை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. 2014இல் கிரந்தம் அந்த ஐந்தும் இல்லாமலே வந்தது. கேட்டதால் வந்த மாற்றம் அது.

மலைநாட்டுக்கு இந்தப் பாடம் பழையது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இந்திய, இலங்கை அரசாங்கங்களும் தோட்டத் துரைமாரும் பேசி முடித்தார்கள். கொழுந்து பறித்தவள் அந்த மேசையில் இல்லை. 1931இல் ஹட்டனைத் தளமாக்கித் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரை நாங்கள் திரும்பத் திரும்ப நினைப்பது இதனால்தான். தோட்ட எல்லைக்குள் வராதே என்றார்கள் துரைமார். அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் பத்திரிகையோடும் பாட்டோடும் தொழிலாளர் லயங்கள் வரை போனார்கள்.

எங்கள் இலக்கியத்தின் எல்லையையும் பிறரே வரைகிறார்கள். தொகுப்பாளர்கள் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, தோட்டப் பாடல்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளுகிறார்கள். கேட்டால் அங்கும் இடமில்லை, வரம்பு என்ற பதில்தான்.

கொழும்பில் தமிழ் நியமம் பற்றி அடுத்த குழு கூடும்போது, அதில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்புகள் தமிழில் வெளிவர வேண்டும். குழுவின் வரம்பை எழுதும் நாளிலேயே அவரை அழைக்க வேண்டும். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்டு அனுப்பும் கடிதம் எங்களுக்கு வேண்டாம்.